ஏழாம் நம்பர் முயலும் லோக்கல் மருந்தும்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று வீட்டில் சொல்வார்கள். 1974-இல் அந்த மூக்கைப் பிடித்து ஆட்டியவர் எங்கள் அடையாறு ஆராய்ச்சிக்கூடத்தின் ஸ்டோர்ஸ் சூப்பரின்டென்டென்ட் சிதம்பரநாதன். நல்ல மனிதர்தான். அதுதான் இன்னும் எரிச்சல்.

நான் அங்கே கால்நடை மருத்துவர். புண் ஆற்றும் களிம்பு ஒன்றைப் பரிசோதித்துக்கொண்டிருந்தோம். வியாழக்கிழமைதோறும் பன்னிரண்டு முயல்களின் காதிலிருந்து மிளகளவு தோல் வெட்டியெடுக்க வேண்டும். காது மட்டும் மரத்துப்போக ஓர் ஊசி போட்டுவிட்டால் முயல் பாட்டுக்குக் கீரை தின்றுகொண்டிருக்கும். அந்த மருந்து தீரப்போகிறதே என்று ‘லோக்கல் அனஸ்தீஷியா, இருபது பாட்டில்’ என எழுதி அனுப்பினேன்.

சிதம்பரநாதன் ‘லோக்கல்’ என்ற சொல்லைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“ஏம்மா ஜலஜா, லோக்கல் சாமான் எதுக்கு? தி.நகர்ல எங்க மச்சான் துணிக்கடையில லோக்கல்னு சொன்னா ஒருத்தன் தொட்டுப் பாக்க மாட்டான். நல்ல கம்பெனி சரக்கா எழுதுங்க.”

“சார், லோக்கல்னா மட்டம்னு அர்த்தமில்ல. அந்த இடம் மட்டும் மரத்துப்போகும்.”

“எந்த இடம்?”

“காது.”

“காது எங்க இருக்கு?”

“முயல்கிட்ட. முயல் அடையாறுல.”

“அப்பச் சரி. லோக்கல் பர்ச்சேஸ்” என்று முகம் மலர்ந்தார். உள்ளூர்க் கொள்முதல் என்றால் உள்ளூரில் தயாரானதாக இருக்க வேண்டுமாம். பழைய பாட்டிலைத் திருப்பிப் பார்த்தார். பெங்களூர். முகம் வாடியது.

“பெங்களூர்லேருந்து வாரது எப்படிம்மா லோக்கல் ஆவும்? பேசாம ஜெனரல்னு போடுங்க.”

“ஜெனரல் குடுத்தா முயல் முழுசாத் தூங்கிடும், சார்.”

“தூங்கட்டுமே. இந்த ஆபீஸ்ல தூங்காதவங்க யாரு?”

“சில முயல் எழுந்திருக்காது.”

அவர் அதையும் கோப்பில் குறித்துக்கொண்டார். கோப்பு கனத்துக்கொண்டே போனது. மருந்து தீர்ந்தது.

புதன்கிழமை டைரக்டர் என்னை அழைத்தார். நாளைக்குத் தோல் வந்தாக வேண்டும், ஒரு வாரம் தவறினால் இரண்டு வருட வேலை பாழ், முடியாதென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்றார். “முயல்தானே, சத்தமே போடாது” என்று தைரியமும் சொன்னார். முடியாது என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அந்த வேலை வேண்டியிருந்தது.

மறுநாள் காலை, முயல்களைப் பார்த்துக்கொள்ளும் பொன்னுரங்கம் மருந்தில்லாமல் பிடிக்க மறுத்துவிட்டார். “நா புடிக்க மாட்டேன் டாக்டரம்மா. வேலைய வுட்டுத் தூக்கினாலும் சரி. சிந்தாதிரிப்பேட்டைல ரிக்சா மிதிச்சிக்கினு பொழச்சிக்கிறேன்.”

அவரிடம் காட்ட முடியாத கோபத்தையெல்லாம் திரட்டிக்கொண்டு நேராக ஸ்டோர்ஸுக்குப் போனேன். “ஆள் இல்ல, சார். நீங்களே வந்து புடிங்க” என்றேன். அவர் எந்தச் சுணக்கமும் இல்லாமல் எழுந்து வந்தார். மடியில் செய்தித்தாளை விரித்து, ஏழாம் நம்பரை வாங்கி வைத்துக்கொண்டு தடவிக்கொடுத்தார்.

“சாதுவால்லா இருக்கு” என்றார்.

நான் வெட்டினேன்.

முயல் கத்தி நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். நானும் அதுவரை கேட்டதில்லை. கதவிடுக்கில் விரல் மாட்டிய குழந்தை அப்படித்தான் வீறிடும். சிதம்பரநாதன் முயலை விடவில்லை, நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார். வெள்ளைச் சட்டையெல்லாம் ரத்தம். ஒரு கையால் தன் காதைப் பொத்திக்கொண்டிருந்தார்.

“மீதி பதினொண்ணையும் தொடாதீங்க. கோப்பைக் கொண்டாங்க” என்றார்.

அங்கேயே வைக்கோல் மேல் உட்கார்ந்து எழுதினார்: ‘பயனாளி நேரில் வந்து வாய்மொழியாக அளித்த புகாரின் பேரில், மேற்படி மருந்து எந்த ஊரில் தயாரானதாயினும் லோக்கல் என்றே கருதி உடனே வாங்கலாம்.’

புகார் கொடுத்தது யார் என்று டைரக்டர் கேட்டார். “வாங்க, காட்டுதேன்” என்றார் சிதம்பரநாதன். டைரக்டர் கோப்பில் கையெழுத்துப் போட்டார். ஒரு வாரத் தாமதத்தையும் மன்னித்தார். சனிக்கிழமை இருபது பாட்டிலும் வந்துவிட்டன.

அடுத்த வியாழக்கிழமை பொன்னுரங்கமே மருந்தை ஊசியில் ஏற்றி ஏழாம் நம்பருக்குப் போட்டார். பத்து நிமிஷம் காத்திருந்து, காதைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, “மரத்துப் போச்சு, வா டாக்டரம்மா” என்று குரல் கொடுத்தார். முயல் அவர் மடியில் கீரை தின்றுகொண்டிருந்தது. நான் கதவைத் திறந்தேன்.

என்னைப் பார்த்ததும் அது கத்தியது. என் கையில் அப்போது ஒன்றுமே இல்லை.