வாயில் வந்த சோறு

சுப்பையன் ‘ஜூக்’ என்றால் பக்கத்துப் பாத்திரத்தில் சுடச்சுடக் கஞ்சி வந்து நிற்கும். ஹாங்காங்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பத்து வருஷம் பாத்திரம் கழுவியவன், 1992இல் பொள்ளாச்சிக்குத் தெற்கே, ஊருக்கு ஒதுக்குப்புறமாக இருந்த தன் சேரி வளவுக்குக் கொண்டுவந்த சொத்து அந்த ஊர்ச் சனங்கள் வாயில் புழங்கும் சாப்பாட்டுப் பேர்கள்தான். ‘ஃபான்’ என்றால் சோறு, ‘சொய்’ என்றால் கீரை, ‘டோங்’ என்றால் சாறு. மழை பொய்த்துக் கூலிவேலை நின்றபோதும் வளவில் யாரும் பட்டினி கிடக்கவில்லை. எதிலும் உப்பு காணாது என்பதுதான் அவன் மனைவி மாசாணியம்மாளின் குறை.

அடுத்த தையில், வளவுச் சனம் கூலிக்குப் போகும் தோட்டத்துக்காரர் பண்ணாடி வெங்கடபதியின் மகளுக்கு நிச்சயதார்த்தம். அன்று பார்த்துச் சமையல்காரர் சண்டைபோட்டு அண்டாக்களைக் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டார். வெங்கடபதி சுப்பையனை மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் நிறுத்தி, எதையும் தொடாமல் பேசச் சொன்னார். அவன் கையைக் கட்டிக்கொண்டு சொல்லச் சொல்ல அண்டாக்கள் நிறைந்தன. பந்தி பந்தியாக வழித்துத் தின்றார்கள். வெற்றிலை போடும்போதுதான் மாப்பிள்ளையின் அப்பா சுந்தரராஜுலுவுக்குச் சமாச்சாரம் எட்டியது.

“கை பட்டிருந்தாக்கூடத் தீட்டுன்னு கழுவிப்போடலாமுங்க. வாயில வந்தது எச்சலாச்சே. எங்க சனத்துக்கெல்லாம் எச்சலைப் போட்டுபோட்டீங்களே” என்றார் நிதானமாக.

சம்பந்தம் முறிந்தது. சுப்பையனைத் தென்னையில் கட்டி, தின்ற கை காய்வதற்குள் அடித்தார்கள். விலா ஒடிந்தது, பற்கள் தெறித்தன. வெங்கடபதி அரிவாளைக் கேட்டதும் மாசாணியம்மாள் அவர் காலைப் பிடித்துக்கொண்டாள்.

“அவரு இனி வாயே தொறக்கமாட்டாருங்க பண்ணாடி. நாக்கை மட்டும் உட்டுருங்க.”

இரண்டு பேர் தாடையைப் பிளந்து பிடிக்க, வெங்கடபதி தேங்காய் அரிவாளால் அறுத்தெறிந்தார். படுபாவித்தனம், வேறு பேரில்லை அதற்கு. மரத்திலிருந்து விழுந்துவிட்டான் என்று ஊர் ஒரே வாயாகச் சொன்னது.

மறுநாள் வெங்கடபதி பால்காரரைத் திட்ட வாயெடுத்தார். ‘ஜூக்’ என்று வந்தது. வளவில் மாசாணியம்மாளின் சட்டியில் கஞ்சி கொதித்தது. சாந்தமாகப் பேசினால் வீட்டுத் தெலுங்கும் வெளித் தமிழும் ஒழுங்காக வந்தன; கோபம் வந்தால்தான் இந்தக் கூத்து. தொண்டையில் கோளாறில்லை, கோபத்தைக் குறையுங்கள் என்றார்கள் கோயம்புத்தூர் டாக்டர்கள். அவரும் குறைத்துக்கொண்டார். வளவில் அடுப்பும் பானையும் காய்ந்தன.

பண்ணாடி வீட்டு வீதியில் வளவுக்காரர்கள் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடப்பது வழக்கம். புண் ஆறியதும் ஒரு மத்தியானம் சுப்பையன் செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு வெங்கடபதியின் வாசலில் மெதுவாகப் போய், மெதுவாகத் திரும்பினான். கட்டிவைத்து உரிக்கும்படி ஆட்களை ஏவ வெங்கடபதி எழுந்தார். ‘ஃபான், சொய், டோங்’ என்றுதான் வந்தது. ஆட்கள் திருதிருவென விழித்தார்கள்.

அதுமுதல் உச்சிவெயில் ஏறினால் வளவுப் பெண்கள் பாத்திரங்களைக் கழுவி நிமிர்த்திவைப்பார்கள், சுப்பையன் கிளம்புவான். செருப்புத் தேய்ந்தால் மாசாணியம்மாள் சந்தையில் புதுசு வாங்கிவருவாள், நடந்தால் நன்றாகச் சத்தம் வருகிறதா என்று பார்த்து.