படத்தை மறைத்த மொழிகள்

செங்கலடியில் இணையத்தளங்கள் செய்துகொடுக்கும் சிவானுஜாவிடம், அவளோடு படித்த பழைய வகுப்புத் தோழர்கள் ஒரு வேலையைக் கொடுத்தார்கள். படித்த காலத்தில் வாவியைக் கடந்து பள்ளிக்கூடம் போக அவர்கள் எல்லோருக்கும் இருந்தது 'பாதை' என்று ஊரார் சொல்லும் தட்டைப் படகுதான். இப்போது அங்கே பாலம் வந்துவிட்டது. அந்த நாட்களை எழுதிவைக்க ஒரு தளம் வேண்டுமென்றார்கள்.

முகப்பில் ஒரே படம் போட்டாள்: அந்தப் பாதையில், வெள்ளைச் சீருடையில், சைக்கிள்களுக்கு நடுவே நெருங்கி நின்று சிரிக்கும் அவளும் அவர்களும். அதைப் பார்த்தபடி அன்று வேறு வேலையே செய்யவில்லை.

பிறகு சூரிச்சிலிருந்து ரதீஸ் ஜெர்மன் மொழியும் வேண்டுமென்றான். கோகுலராஜ் பிரெஞ்சு கேட்டான். ஒஸ்லோவிலிருந்த அஜந்தா நோர்வே மொழி கேட்டாள். அவர்களுடைய பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. தமிழ், சிங்களம், ஆங்கிலத்தோடு டச்சு, டேனிஷ், இத்தாலியன் எல்லாம் சேர, கைபேசியில் மொழி இணைப்புகளே வரிவரியாக நின்றன. படம் கீழே போய்விட்டது. பல இணைப்புகளை அழுத்தினால் வெறும் பக்கம்தான் வந்தது. எவரும் இன்னும் மொழிபெயர்த்துத் தரவில்லை.

தமிழையும் சிங்களத்தையும் ஆங்கிலத்தையும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கினாள். அன்றே அஜந்தா அழைத்தாள்.

"என்னகா, எங்கட மொழியத் தூக்கிட்டியா?" என்றவள் தானே சிரித்தாள். "பாத்தியா, இப்ப அதையும் எங்கட எண்டுதான் வாயில வருது."

சிவானுஜா, "எல்லாத்தையும் மேல போட்டா நம்மட படமே தெரியல்ல. நீ எழுதினத நோர்வே மொழியில தா. அந்தக் கட்டுரையில மட்டும் இணைப்புப் போடுறன்," என்றாள்.

அஜந்தா மகளை அருகில் இருத்தி, தன் கட்டுரையை வரிவரியாகச் சொன்னாள். மகள் அதை நோர்வே மொழியில் தட்டச்சு செய்தாள். இடையிடையே மகள் கேட்ட கேள்விகளால் அந்த வேலை பல மாலைகளுக்கு நீண்டது.

பக்கம் வந்ததும் சிவானுஜா திறந்து பார்த்தாள். ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் அந்நியச் சொற்களுக்கிடையே ரதீஸ் இருந்தான், கோகுலராஜ் இருந்தான். அவளுடைய பெயரும் இரண்டு இடத்தில் இருந்தது. உடனே அஜந்தாவை அழைத்தாள்.

"என்னப் பத்தி என்னடி எழுதிக் கிடக்கு?"

"நீ என்ட சோத்துப் பார்சல வாவிக்குள்ள போட்ட கதை. தமிழில எழுதக்க உனக்குப் பயந்து விட்டுட்டன். மகள்தான் போடச் சொன்னாள்."

"அடி பாவி! உனக்கு என்ட பார்சல்ல பாதி தந்தனே, அதையும் போட்டியா?"

"அதுதான் ரெண்டாவது இடம்," என்றாள் அஜந்தா.