தோணிமேட்டின் முதல் துளை

ராஜபாளையத்துக்கு மேற்கே, அய்யனார் கோவிலுக்குப் போகும் பாதையிலிருந்து வலப்புறம் பிரிகிற சரிவுக்குத் தோணிமேடு என்று பெயர். கடல் அங்கிருந்து வெகுதூரம். ஆனாலும் அங்கே குடியிருந்த அத்தனை பேரும் கடற்கரைக்காரர்கள். கொழும்புக்குத் தோணி விட்டுச் சொத்துச் சேர்த்த கிறிஸ்தவக் குடும்பங்கள், ஒரு வாந்திபேதிக் காலத்தில் கரையை விட்டு வந்து, சரிவை வாங்கி, பர்மாத் தேக்குத் தூண் நிறுத்தி வாழ்ந்தன. வீட்டு முகப்புகள் எல்லாம் கிழக்கே பார்த்திருக்கும். வடகிழக்கில் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் தெரியும். கடல் தெரியாது. தெரிய வேண்டிய திசையைப் பார்த்துக் கட்டிவிட்டார்கள், அவ்வளவுதான்.

முதலில் வந்தவர் தம் பழைய தோணியையும் மாட்டுவண்டிகளில் ஏற்றிக் கொண்டுவந்தார். சரிவின் உச்சியில் பாறைகளை முட்டுக்கொடுத்து அதை நிறுத்தி, ஓடைத் தண்ணீரை அதற்குள் திருப்பினார். ஊருக்கு அதுவே தொட்டி. வீட்டுக்கு ஒரு துளை, துளைக்கு ஒரு வாய்க்கால். முதல் வீட்டுத் துளை எல்லாவற்றுக்கும் கீழே இருக்கும். பின்னால் வந்தவர்களுக்கு வந்த வரிசைப்படி மேலே மேலே. தோணி நிறைந்தால் எல்லா வீட்டுக்கும் தண்ணீர் ஓடும். வற்ற வற்ற, கடைசி வீட்டிலிருந்து ஒவ்வொன்றாக நிற்கும். முதல் வீட்டுக்கு மட்டும் நின்றதில்லை.

ஆணி அடிக்காமல் கயிற்றால் பலகைகளைத் தைத்த தோணி அது. ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை அந்தத் தையலுக்குப் புன்னை எண்ணெய் பூசுவது முதல் வீட்டு ஆண்களின் உரிமை. மற்றவர்கள் தையலை நகத்தால் தொடவும் சின்னத்துரை விடமாட்டார். அவர்தான் இப்போது முதல் வீட்டுத் தலைவர். யுத்தத்தில் கடல் வியாபாரம் செத்து, அவருடைய தோணிகள் கரையிலேயே மக்கிக்கொண்டிருந்தன. மிச்சமிருந்தது அந்தத் துளைதான். ஊர் அவரை எழுந்து நின்று கும்பிடுவது அதற்காகத்தான் என்பது அவருக்குத் தெரியும்.

அந்தக் கோடையில் மலைமேல் ஒரு மழை பெய்தது. விடிந்ததும் தோணி விளிம்பு தட்டி நிற்க, எல்லாத் துளைகளிலும் தண்ணீர் கொட்டியது. பெண்கள் வாய்க்காலில் கால் நனைத்துச் சிரித்தார்கள். சின்னத்துரை மேலேறிப் போனார். தம் துளைக்கும் கீழே, புதிதாகத் துரப்பணம் போட்ட ஒரு துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்சுவதைக் கண்டார். அதன் வாய்க்கால் பொன்னுராஜ் வீட்டுக்குப் போயிற்று.

பொன்னுராஜ் அவருடைய சித்தப்பா பேரன், கடைசி வீட்டுக்காரன். மில்லுக்குப் பஞ்சு பிடித்துக் கொடுத்துப் பணக்காரனானவன். கடலையே பார்த்தறியாதவன். கூப்பிட்டதும் வந்தான், தோளில் துண்டோடு.

"என்னலே இது?"

"ஓட்டை, பெரியப்பா."

"யாரைக் கேட்டுப் போட்ட?"

"யாரைக் கேக்கணும்? நாலு மாசமா எங்க வீட்ல பிள்ளை குண்டி கழுவத் தண்ணியில்ல. உங்க எலுமிச்சைக்கு மட்டும் பாஞ்சுகிட்டே கெடந்துச்சு. எம் பொண்டாட்டி இன்பம் செட்டியார்பட்டிக் கெணத்துல இருந்து வண்டி வச்சுல்லா கொண்டாந்தா."

"வந்து கேட்டிருக்கணும்."

"கேட்டா எம்புட்டு நேரம் கையைக் கட்டி நிக்க வைப்பீக? தோணியெல்லாம் மண்ணுல கெடக்கு, கப்பக்காரப் பவுசு மட்டும் மலையில ஏறி நிக்கு."

கூடவந்த அவன் ஆட்கள் சிரித்தார்கள். சின்னத்துரை சிரிப்பவர்களைப் பார்க்கவில்லை. "சாயங்காலக் கோயில் மணிக்குள்ள அடைச்சிரு" என்று சொல்லி இறங்கிவிட்டார்.

மணி அடித்தது. துளை அடைபடவில்லை.

பட்டாளத்திலிருந்து லீவில் வந்திருந்த மகன் ஜெபதுரையைக் கம்போடு கூட்டிக்கொண்டு, தோணி வேலைக்கான பெரிய மரச்சுத்தியலையும் துளையை அடைக்க ஒரு முளைக்கட்டையையும் எடுத்துப் புறப்பட்டார். மனைவி ஏசம்மாள் வாசலை மறித்து நின்றாள். "இன்னைக்கு எல்லாருக்கும் தண்ணி ஓடுதுல்லா. ஓடட்டுமே. பொறவு பேசிக்கிடலாம்."

"தண்ணியா எனக்குப் பெருசு? தள்ளு."

மேலே பொன்னுராஜ் தன் ஆட்களுடன் கடப்பாரையோடு காத்திருந்தான். ஜெபதுரை வீசிய முதல் அடியில் ஒருவனுக்கு நெற்றி பிளந்தது. அவன் கண்ணைப் பொத்திக்கொண்டு ஓட, மற்றவர்களும் பின்வாங்கினார்கள். பொன்னுராஜ் மட்டும் நின்றான். கடப்பாரையால் அவன் ஓங்கி அடித்ததில் ஜெபதுரையின் முன்கை காய்ந்த விறகு போல முறிந்தது. எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்தது. ஜெபதுரை தோணியில் சாய்ந்து சரிந்து உட்கார்ந்தான்.

சின்னத்துரை சுத்தியலைச் சுழற்றிப் பொன்னுராஜின் தாடையில் இறக்கினார். பல்லும் ரத்தமும் பாறையில் தெறித்தன. அவன் விழுந்த பிறகும் விலாவில் இரண்டு அடி விழுந்தது. "இப்பம் சொல்லுலே. பவுசா?" அவன் வாயிலிருந்து ரத்தக் குமிழி வந்தது.

"அப்பா, போதும்" என்றான் ஜெபதுரை.

அவர் முளையைத் துளையில் வைத்தார். துரப்பணம் தையல் கயிற்றை அறுத்துக்கொண்டு போயிருப்பதை அருகில் பார்த்தார். அறுந்த கயிற்றில் தண்ணீர் ஊறி நார் நாராகத் தொங்கியது. அந்த இடத்தில் தேங்காய்நாரைக் கையால் திணிப்பதுதான் முறை, சுத்தியல் படக்கூடாது. சொல்லிக்கொடுத்தது அவர் தகப்பனார். அது அவருக்கு நன்றாக நினைவிருந்தது. ஆனால் கீழே ஊரே நின்று பார்த்துக்கொண்டிருந்தது. மண்டியிட்டு விரலால் நார் திணிக்கிற சின்னத்துரையை அவர்கள் பார்க்க வேண்டாம் என்று அவருக்குப் பட்டது. ஓங்கி அடித்தார்.

மூன்றாம் அடியில் தையல் விட்டது. கீழ்ப்பலகை முழுதாகத் தெறித்து விலக, தோணி வயிறு திறந்து அத்தனை தண்ணீரும் ஒரே பாய்ச்சலாக இறங்கியது. சின்னத்துரை ஒரு கையால் பாறையையும் மறு கையால் மகனின் தலைமுடியையும் பிடித்தார். பிடி நழுவவில்லை. பொன்னுராஜைப் பிடிக்க மூன்றாவது கை இல்லை. பலகைகளோடு சேர்ந்து உருண்டு போனவன், முதல் வீட்டின் சுண்ணாம்புச் சுவரில் மோதித்தான் நின்றான். தூக்கியபோது தலை தனியாக ஆடியது.

விடிந்ததும் சின்னத்துரை வெள்ளைக் கோட்டை மாட்டினார். போலீஸ் வந்து அழைத்துப் போகிற வழக்கம் அந்த வீட்டுக்கு இல்லை; ராஜபாளையம் ஸ்டேஷனுக்குத் தாமே நடந்தார். வழியில் ஓடை தேங்கி நின்ற கசத்தில் பெண்கள் நின்றார்கள். முதல் வீடு கடைசி வீடு என்றில்லாமல், வந்தவள் வந்தபடி மொண்டுகொண்டிருந்தாள். அவரைக் கண்டு ஒருத்தியும் ஒதுங்கவில்லை.

ஏசம்மாள் கடைசி ஆளாக நின்று குடத்தை நிரப்பி, எதிர்ப்பக்கம் திரும்பினாள்.

"நம்ம வாசல் அங்கிட்டு" என்றார்.

"தெரியும். அவனைக் குளிப்பாட்ட அந்த வீட்ல தண்ணியில்ல."

இன்பத்தின் அழுகுரல் கேட்ட பக்கமாக, தன் வாசல் பக்கம் திரும்பாமல், கடைசி வீட்டுக்கு அவள் குடத்தோடு இறங்கினாள். சின்னத்துரை தடுக்கவில்லை. அவள் போய்ச் சேரும்வரை நின்று பார்த்துவிட்டு, முதுகை நிமிர்த்திக்கொண்டு பாதையில் திரும்பினார்.