இரண்டு பின்களும் ஒரு ஞாபகமும்

கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றுப் பத்தில், பாறசாலைக்கு மேற்கே குற்றாலிங்கம் பிள்ளையின் விளைத் தோப்பில், புளியமரத்தடியே பழைய லாரி ஒன்று நிற்பது வழக்கம். அதற்கு உரியவர்கள் பொழியூர்க் கடற்கரையைச் சேர்ந்த யேசுவடியானும் அவன் தம்பி சகாயதாஸும். தோட்டத்துரை ஒருவரின் காராக இருந்து, பின்பாதி வெட்டப்பட்டுப் பலகை அடிக்கப்பட்டு, கருவாடு சுமக்கும் வண்டியாக மாறியது அது. செவ்வாய்க்கிழமைதோறும் ஒற்றசேகரமங்கலத்து அந்திச் சந்தைக்குப் போய் வரும்.

சில வாரங்களாக அதன் முன்பக்கம் கெட்டிருந்தது. சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் சுக்கான் வட்டு கைகளில் நடுங்கிற்று. அதனைக் கால்வட்டம் திருப்பிய பிறகே, திரும்ப வேண்டும் என்னும் எண்ணம் சக்கரங்களுக்கு உண்டாயிற்று. திங்கட்கிழமை காலையில் யேசுவடியான் முன்னச்சைக் கட்டைகளின்மேல் ஏற்றிப் பிரித்துப் பார்த்தான். ஆணிகள் உள்ளே நின்று சுழலுவதற்கான வெண்கலக் குழல்கள், வண்டிக்காரர் புஷ் என்று சொல்பவை, வட்டம் கெட்டு முட்டைவடிவாய்த் தேய்ந்திருந்தன. எண்ணெய்த் துளைகளில் பழுப்பு நிறமாக, அரக்கைப்போல், ஏதோ இறுகிக் கிடந்தது.

தாலுக்கா கச்சேரியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற குற்றாலிங்கம் பிள்ளை, அருகில் வந்து குனிந்து முகர்ந்தார்.

“எலே, என்னத்தலே விட்டே இதுல?”

“சாளை மீனு நெய்யாக்கும் ஐயா. வள்ளத்துக்கு அதத்தானே பூசுதோம்.”

“வள்ளத்துக்குப் பூசுதது காஞ்சு கட்டியாவணும்னுதாம்லே! இதுவும் காஞ்சு கட்டியாச்சு. இனி உனக்க வண்டி கடல்ல மிதக்கும், ரோட்டுல ஓடாது.”

யேசுவடியான் நாணத்தோடு சிரித்தான். புதிய குழல்களை நாகர்கோவிலில் ஒரு கடைசல் பட்டறையில் முன்பே கடைந்து வாங்கி வைத்திருந்தான். பழையவற்றைத் தட்டி வெளியேற்றும்போது சுத்தியல் நழுவி, அவனுடைய வலக்கைப் பெருவிரல் நசுங்கி வீங்கிற்று. ஆயினும் வேலையை விடவில்லை. மறுநாள் நடுப்பகலுக்குள் வில்தகடுகளின் புஷ்களும் சக்கர ஆணிகளின் புஷ்களும் பொருத்தப்பட்டுவிட்டன. இரண்டு முன்சக்கரங்களையும் இணைக்கும் குறுக்குக் கம்பி மட்டும் எஞ்சியிருந்தது.

அக்கம்பியின் ஒவ்வொரு முனையிலும் ஒரு போல்ட்டும் ஒரு நட்டும் உண்டு. மேலே வில்தகடு இடித்தமையால், போல்ட்டைக் கீழிருந்து மேல்நோக்கிச் செருக வேண்டியிருந்தது. நட்டு கழன்றால் போல்ட்டு தானாகவே கீழே விழும். அது விழுந்தால் ஒரு சக்கரம் சுக்கானுக்கு அடங்காமல் தன் வழியே போய்விடும். அவ்வாறு நேராமல் இருக்கவே, கொண்டை ஊசியைப் போன்ற இரட்டைக்கால் பின் ஒன்றை நட்டின் துளையில் நுழைத்து, அதன் கால்களை விரித்து மடக்குவார்கள். அத்தகைய பின்களை ஒரு கை நிறைய அள்ளி வாங்கி வந்து, தேங்காய்ச் சிரட்டையில் போட்டு வைத்திருந்தான்.

அவன் வண்டியின் அடியில் படுத்து அந்த வேலையில் இருந்தபோதுதான் மாதாகோயில் மணி ஒலித்தது.

மூவேளை ஜெபத்துக்குரிய மணி ஒலித்தால், எந்த வேலையில் இருந்தாலும் கையில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு எழுந்து நிற்பது அக்கடற்கரை மக்களின் வழக்கம். கரைவலை இழுப்பவன் கயிற்றைக் காலில் மிதித்துக்கொண்டு நிற்பான். உண்பவன் கவளத்தைக் கலத்தில் வைத்துவிட்டு நிற்பான். யேசுவடியானும் ஊர்ந்து வெளியே வந்து, தலைத்துண்டை எடுத்துவிட்டு, கண்மூடி நின்று ஜெபித்தான். ஜெபம் முடிந்ததும் அவன் மனைவி லூயிசா கஞ்சிக்கு அழைத்தாள். கஞ்சிக்குப் பின் சகாயதாஸ் வந்தான். இருவருமாகச் சக்கரங்களை மாட்டி வண்டியைக் கட்டையிலிருந்து இறக்கினார்கள்.

“அண்ணன் வெரலயும் பாத்துக்கிட்டு இங்கயே இரி. இந்த வீக்கத்தோட நீ சுக்கான் பிடிச்சா வண்டி நேரே தூத்துக்குடிக்குப் போவும்” என்றான் சகாயதாஸ்.

“நீ விடுத வேகத்துக்கு ஆகாசத்துக்கே போவும். மெள்ள விடணும், கேட்டியா? பிள்ள உண்டு” என்று சொல்லி, கைக்குழந்தையுடன் முன்இருக்கையில் ஏறினாள் லூயிசா. சந்தையில் கருவாடு விற்பவள் அவளே. கூடைகளின்மேல் வேறு சில பெண்களும் ஏறிக்கொண்டார்கள். வண்டி புழுதியை எழுப்பிச் சென்றது.

யேசுவடியான் கருவிகளைத் துணியால் துடைக்கத் தொடங்கினான். குறடைத் துடைக்கும்போது, அதனால் பின்னின் கால்களை மடக்கியது நினைவுக்கு வந்தது. மடக்கிய கம்பியின் முனை, வீங்கிய விரலில் குத்தி இரத்தம் வந்ததும் நினைவுக்கு வந்தது. அது வலப்பக்கம் என்று எண்ணிக்கொண்டான். பிறகு இடப்பக்கத்தை நினைத்துப் பார்த்தான். அங்கே ஒன்றுமில்லை. நட்டை முறுக்கியது தெரிந்தது. அதற்கப்பால் மணியோசைதான் இருந்தது.

அவன் கை நின்றுவிட்டது. சிரட்டையைத் தரையில் கவிழ்த்தான். பின்கள் மணலில் சிதறின. எத்தனை வாங்கினோம் என்பது தெரிந்தால் அல்லவா எத்தனை குறைகின்றன என்பது தெரியும்? மறுபடியும் கண்களை மூடிக் காலையிலிருந்து நினைத்துக்கொண்டு வந்தான். ஒவ்வொரு முறையும் மணி அடித்தது. ஒவ்வொரு முறையும் அவன் எழுந்து நின்றான். திரும்பி வந்து படுத்தது மட்டும் வரவேயில்லை. ஒற்றசேகரமங்கலத்துக்கு முன்னால் உள்ள நெடிய இறக்கமும், அதன் அடியில் சாலை முறிந்து திரும்பும் இடத்தில் கீழே கிடக்கும் பாறைக்குழியும் அவன் கண்முன் வந்தன.

குறடையும் ஒரு பின்னையும் மடியில் செருகிக்கொண்டு பிள்ளையின் வீட்டுக்கு ஓடினான். அந்தச் சுற்றுவட்டாரத்தில் கார் வைத்திருந்தவர் அவர் ஒருவரே.

“ஐயா, காரு எடுக்கணும். வண்டிய எட்டிப் பிடிக்கணும். ஒரு நட்டுக்குப் பின் போட்டேனா இல்லியான்னு ஓர்ம வரல்ல. லூயிசாவும் பிள்ளயும் அதுலயாக்கும் போறாவ.”

பிள்ளை சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார்.

“செவ்வாக்கிழம. மூணு மணி அடிச்சாச்சு. ராகுகாலம்லா? நல்ல காரியத்துக்கே எறங்கப்பிடாது. இந்தக் காரியத்துக்கு… நாலரை கழியட்டும்லே.”

“நாலரைக்கு அவ இறக்கத்துல இருப்பா ஐயா!”

உள்ளே இருந்து பிள்ளையின் மனைவி சொர்ணம்மாளின் குரல் வந்தது. “ராகு உங்களப் பாத்துக்கிட்டுதான் ரோட்டுல நிக்கானாக்கும்! அந்தப் பச்சப்பிள்ளய நெனைங்க. வண்டிய எடுங்க முதல்ல.”

பிள்ளை திருநீற்றை அள்ளி நெற்றியில் பூசினார். சற்றே யோசித்து, காரின் முகப்பிலும் பூசினார். கார் புறப்பட்டது.

அவர் காரோட்டும் விதம் கச்சேரியில் கோப்பு நகர்வதைப் போன்றது. திருப்பம் வருவதற்கு வெகுதூரம் முன்பே ஊதுகுழலை அழுத்துவார். திருப்பம் கழிந்த பின்பும் சற்றுநேரம் அழுத்துவார். யேசுவடியான் வெளியே தலையை நீட்டி, செம்மண் புழுதியில் லாரியின் தடத்தையே பார்த்துக்கொண்டு வந்தான். தடம் நேராகச் சென்றவரையில் மூச்சு விட்டான். ஓரிடத்தில் அது சாலையின் விளிம்புவரை ஒதுங்கி, புல்லை மிதித்து, மீண்டும் நடுவுக்கு வந்திருந்தது.

“மாடு எதாம் குறுக்க வந்திருக்கும்” என்றார் பிள்ளை.

“மாட்டுக்க குளம்பு காணல்லியே ஐயா.”

பிள்ளை ஊதுகுழலிலிருந்து கையை எடுத்தார். கார் சற்று விரைந்தது.

நெய்யாற்றின்கரைச் சந்தைமுக்கில் பெருங்கூட்டம் நின்றது. கூட்டத்தின் நடுவே எதையோ தூக்குவது தெரிந்தது. கார் நிற்கும் முன்பே யேசுவடியான் குதித்து, ஆட்களை விலக்கிக்கொண்டு உள்ளே போனான். ஒருவன் பலாப்பழங்களைத் தூக்கித் தூக்கி ஏலம் கூறிக்கொண்டிருந்தான். திரும்பி வந்து ஏறியபோது யேசுவடியான் கதவைச் சாத்த மறந்தான். பிள்ளையே எட்டிச் சாத்தினார்.

கிழக்கே செல்லும் சாலையில் ஒரு சாயைக்கடைக்காரனிடம் கேட்டார்கள்.

“மீன்வண்டியோ? போயி, போயி. பறந்நல்லே போயது! ஒரு குட்டயும் வீணு.”

அவன் சொன்னவாறே, அடுத்த திருப்பத்தில் கூடை ஒன்று கவிழ்ந்து கிடந்தது. நாய்கள் கருவாட்டை இழுத்துக்கொண்டிருந்தன. கூடையின் வாயில் லூயிசா கட்டிய நீலத்துணி. யேசுவடியானின் உதடுகள் அசைந்தன. ஜெபிக்கிறான் என்று பிள்ளை நினைத்தார். அவனோ, “இடப்பக்கம், இடப்பக்கம்” என்றே சொல்லிக்கொண்டிருந்தான்.

மேட்டின் உச்சியில், இறக்கம் தொடங்கும் இடத்தில், லாரி நின்றுகொண்டிருந்தது.

ஏற்றம் ஏறிய களைப்பில் அதன் முகப்பிலிருந்து ஆவி பறந்தது. சகாயதாஸ் குடத்தால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். லூயிசா முன்இருக்கையில் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். யேசுவடியான் எவரையும் பாராமல் இடப்பக்கம் போய் மல்லாந்து விழுந்து, அடியில் நுழைந்தான்.

பின் இருந்தது. கால்கள் இரண்டும் நன்றாக விரிந்து மடங்கியிருந்தன. நட்டு அசையவில்லை.

அவன் ஊர்ந்து வெளியே வந்து சாலையிலேயே உட்கார்ந்து, நடந்ததைச் சொன்னான். சகாயதாஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

“இதுக்கா ஐயாவயும் இழுத்துக்கிட்டு வந்தே? மைனி, கேட்டியா? உனக்க மாப்பிள ஒரு பின்னத் தேடி அரைத் திருவிதாங்கூரு சுத்தி வந்திருக்கான்!”

கூடைமேல் இருந்த பெண்களும் சிரித்தார்கள். “ராகுகாலத்துல எறங்கியும் ஒண்ணும் வரல்ல பாரு” என்று பிள்ளை துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“செரி, போவோம். சந்த கூடியிருக்கும்” என்றாள் லூயிசா. சகாயதாஸ் குடத்தை வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தான்.

யேசுவடியான் தன் பெருவிரலைப் பார்த்தான். பின் குத்திய இடத்தில் இரத்தம் உறைந்திருந்தது. அந்தப் பின்னின் ஒரு காலிலும் கறுத்த பொட்டு ஒன்று ஒட்டியிருந்ததை இப்போதுதான் பார்த்துவிட்டு வந்தான்.

கால்களை மடக்கிய ஞாபகம் அவனிடம் ஒன்றுதான் இருந்தது. அந்த ஞாபகத்துக்குரிய பின் இடப்பக்கத்தில் இருக்கிறது. காலையில் வண்டியின் பின்பக்கமிருந்து நுழைந்து, தலையை முன்பக்கம் வைத்து மல்லாந்து கிடந்தபோது, தன் வலக்கைப்பக்கத்தை வண்டியின் வலப்பக்கம் என்று எண்ணிவிட்டான். அப்படியானால் மணி அடித்தபோது கையில் இருந்தது எந்த நட்டு?

“எறங்கு” என்றான். எவர் காதிலும் விழவில்லை. மறுபடியும் கத்தினான். “எலே, எறங்கு! வண்டிய எடுக்காண்டாம்! லூயிசா, பிள்ளய எடுத்துட்டு எறங்கு!”

சிரிப்பு நின்றது. அவன் வலப்பக்கம் அடியில் நுழைந்தான். நட்டின் துளை வெறுமையாக இருந்தது. நட்டே மரையின் கடைசிச் சுற்றுவரை ஏறிவந்து நின்றது. கீழே வெளிப்பட்ட மரையில் செம்புழுதி படிந்திருந்தது. அவன் விரல்நுனியால் தொட்டான். முறுக்காமலே அது சுழன்று, அவன் உள்ளங்கையில் விழுந்தது. போல்ட்டு ஒரு விரற்கடை கீழே இறங்கிற்று. அதனை இடக்கையால் தாங்கிக்கொண்டு, நெடுநேரம் அவ்வாறே கிடந்தான்.

“அண்ணே, என்ன? இருக்கா?” என்று சகாயதாஸ் மெல்லக் கேட்டான்.

யேசுவடியான் நட்டை வெளியே நீட்டிக் காட்டினான். சகாயதாஸ் அதனை வாங்கவில்லை, பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு அவனும் அடியில் நுழைந்தான். ஒருவன் தாங்க, மற்றவன் முறுக்கினான். பின்னை நுழைத்துக் கால்களை விரித்து மடக்கினார்கள். அதன்பின் சகாயதாஸ் இடப்பக்கத்துக்குப் போய், அங்குள்ள பின்னையும் தன் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தான்.

“நான் ஓட்டுதேன்” என்றான் யேசுவடியான்.

“உனக்க வெரலு…”

“நான் ஓட்டுதேன்லே.”

பெண்கள் நடந்தே இறங்குவதாகச் சொல்லிவிட்டார்கள். பிள்ளையும் தம் காரை மேட்டிலேயே நிறுத்திவிட்டு அவர்களோடு நடந்தார். லாரி தனியே இறங்கிற்று. யேசுவடியான் அதனை மாட்டுவண்டியினும் மெல்லச் செலுத்தினான். அடியில், பாறைக்குழிக்கு முன்பாகச் சாலை முறியும் இடத்தில் சுக்கானைத் திருப்பினான். கையோடு கையாகச் சக்கரங்கள் திரும்பின. ஒரு நூலிழைகூடப் பிந்தவில்லை. இத்தனை காலத்தில் அந்த வண்டி இவ்வளவு நன்றாகத் திரும்பியதே இல்லை. அவன் நிறுத்திவிட்டு நெற்றியைச் சுக்கான் வட்டின்மேல் வைத்துக்கொண்டான்.

சற்றுநேரத்தில் லூயிசா குழந்தையோடு வந்து சேர்ந்தாள்.

“ஏறு. இனி ஒண்ணும் இல்ல. ரெண்டும் பாத்தாச்சு” என்றான்.

அவள் குழிக்குள் எட்டிப் பார்த்தாள். குழந்தையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

“நீ கூடையக் கொண்டு சந்தையில எறக்கு. நான் நடந்து வாறேன்.”

“லூயிசா…”

“பயம் மாறட்டு. பெறவு ஏறுதேன்.”

அவன் வண்டியை எடுத்தான். சந்தைவரைக்கும், அவளுடைய நடைக்கு மேல் விரையாமல், அவளுக்குப் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு போனான்.