குடைக்கடையில் மாவு கேட்டவள்

1
பத்மஜா இதைச் சொன்னபோது நான் சிரிக்காமல் கேட்டேன் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் காப்பி மூக்கில் ஏறிவிட்டது. கதை பிறந்தது அங்கேதான்.

தொடக்கம்: ‘கொல்கத்தாவில் மழை. பத்மஜாவின் மனத்திலும்—’

(வேண்டாம். மழை பின்னால் தேவைப்படும். இப்போதே செலவழிக்கக் கூடாது.)

2
பத்மஜா கோயம்புத்தூர்க்காரி. தெற்குக் கொல்கத்தாவில் ஒரு பள்ளியில் மாணவர்களுக்கு மனநல ஆலோசகர். அவளிடம் வந்தவள் ஒன்பதாம் வகுப்பு சாய்பிரியா, கொல்கத்தாவிலேயே பிறந்த தமிழ்ப்பெண். போன ஆண்டு விழாவில் வரவேற்புரை சொல்லும்போது, சிறப்பு விருந்தினரின் பெயருக்கு முன்னால் வாய்தவறி ‘லேட்’ என்று சேர்த்து, முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மனிதரை அமரராக்கிவிட்டாள். அரங்கமே சிரித்தது. இந்த ஆண்டும் அவளையே பேசச் சொல்லியிருந்தார்கள். அதிலிருந்து தினமும் வயிற்றுவலி. பாதி நாள் பள்ளிக்கே வருவதில்லை.

பத்மஜா படித்த சிகிச்சையில், பயமுறுத்தும் எண்ணத்தைக் கூண்டில் ஏற்றிச் சாட்சி கேட்பார்கள். பிறகு சின்னதாக ஒரு சோதனை செய்து பார்ப்பார்கள்.

“எல்லாரும் சிரிப்பாங்கன்னு எதை வச்சு சொல்ற?”

“போன வருஷம் சிரிச்சாங்களே மிஸ்.”

(வலுவான சாட்சி. நானாக இருந்தால் வழக்கை அங்கேயே முடித்திருப்பேன்.)

“சரி, ஒரு கடையில வேணும்னே தப்பா பேசிப் பாப்போம். யாரும் கண்டுக்க மாட்டாங்க.”

“தூர்,” என்று வங்காளத்தில் சலித்துக்கொண்டாள் சாய்பிரியா. “நீங்களே பேசுங்க மிஸ். கேன்டீன்லகூட கையைக் காட்டித்தானே வாங்கறீங்க? பெங்காலின்னா பயம்தானே?”

பத்மஜாவின் காது சூடானது. இந்தப் பெண்ணை இவ்வளவு கெட்டிக்காரியாக எழுதும் உத்தேசம் எனக்கு இருக்கவில்லை.

3
கரியாஹாட் கடைத்தெரு. மழை. (சாய்பிரியாவின் அம்மாவிடம் அனுமதி வாங்கியாயிற்று, நீங்கள் கேட்குமுன் சொல்லிவிடுகிறேன்.) குடைக்காரரிடம் சொல்வதற்கென்று ஒரு தப்பை மனப்பாடம் செய்து வைத்திருந்தாள் பத்மஜா. வாயில் வந்ததோ வேறு.

“தாதா, ஏக்டா சாத்து தின்.”

‘அண்ணா, ஒரு சாத்து கொடுங்க’ என்று அர்த்தம். வங்காளத்தில் குடைக்கு ‘சாத்தா’ என்று பெயர். ‘சாத்து’ என்றால் வறுத்த கடலைமாவு.

குடைக்காரர் சிரித்தார். பக்கத்துச் செருப்புக்கடைக்காரரும் சிரித்தார். சாய்பிரியா தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

என் முதல் வரைவில் ஒருவரும் சிரிக்கவில்லை, சிகிச்சை வென்றது. பத்மஜாவிடம் படித்துக் காட்டினேன்.

“பொய்,” என்றாள். “நல்லாவே சிரிச்சாங்க. ஓடிரலாம்னு இருந்துச்சுங்க. கால் நகரல, நின்னுட்டேன். அவங்க சிரிச்சு முடிச்சாங்க, குடையைக் குடுத்தாங்க. அவ்வளவுதான்.”

திரும்பும்போது சாய்பிரியா கேட்டாளாம்: “சிரிச்சிட்டாங்களே மிஸ், இப்ப என்ன பண்றது?”

“தெரியல. முடியற வரைக்கும் நிக்கலாம்.”

(ஆலோசகருக்கு அழகா இது? பாடப்புத்தகத்தில்—)

4
விழா. சாய்பிரியா மைக் முன் நின்றாள். ‘லேட்’டைக் கவனமாகத் தாண்டினாள். தாண்டிய வேகத்தில், ‘வெல்கம்’ சொல்ல வேண்டிய இடத்தில் ‘குட்பை’ என்றாள். அரங்கம் அதிர்ந்தது. பின்வரிசையில் பத்மஜா துப்பட்டாவைக் கடித்தாள்.

கைதட்டலோடு ஒரு முடிவு எழுதினேன், சினிமாவாக இருந்தது. அழுதுகொண்டே ஓடினாள் என்று இன்னொன்று, மனசு வரவில்லை. உண்மையில் என்னதான் ஆயிற்று?

“இதுவரைக்கும்தான் வெளியில சொல்லலாம்னு அவ அனுமதி குடுத்தா,” என்றாள் பத்மஜா. “மிச்சம் அவளோடது.”

ஆகவே அவள் இன்னும் மேடையில்தான் நிற்கிறாள். நீங்களும் அந்த அரங்கில் ஒரு நாற்காலியில். என்ன, சிரித்துவிட்டீர்களா? பரவாயில்லை, நிதானமாகச் சிரித்து முடியுங்கள். அவள் மைக்கை விடவில்லை.