மூன்று வீடு போய்த் திரும்பிய குட்டி

நாலாவது வீட்டுப் படியேறும்போதே பம்பரம் தையல்காரியின் கைப்பை வாரைப் பாதி தின்றுவிட்டிருந்தது. கழிவுநீர்க் குழாய்க்குள்ளிருந்து அவள் எடுத்துவந்த பெட்டை நாய்க்குட்டி அது. ஒரு இடத்தில் நிற்காது, அதனால்தான் அந்தப் பெயர். முதலில் கொண்டுபோனவர்கள் சோபா கிழிந்ததென்று திருப்பி விட்டார்கள். இரண்டாவது வீட்டில் அக்கம்பக்கம் சண்டைக்கு வந்தது. மூன்றாவது வீட்டுக்காரர்கள் காரணம் சொல்லக்கூடத் தெம்பில்லாமல், கூடையை வாசலில் வைத்துவிட்டு ஓடியே போனார்கள். அன்று முழுக்கக் குட்டி தையல் மிஷினுக்கு அடியில் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தது. இன்னொரு தடவை இப்படி நடந்தால் இனி அது யாரையும் நம்பாது என்று தையல்காரிக்குத் தெரியும். தெருவில் அவளை நாய்க்கார அக்கா என்று கேலி பேசுவார்கள். பேசட்டும். இந்தத் தடவையாவது வீடு சரியாக அமைய வேண்டும், அவ்வளவுதான்.

குட்டி வேண்டுமென்று போனில் பேசிய பெண்தான் கதவைத் திறந்தாள். "எங்க வீட்ல சத்தமே இல்லக்கா. இருக்கறதுலயே சேட்டை பண்ற குட்டியாப் பாத்துக் குடுங்க" என்று அவள் அன்று போனில் கேட்டபோது தையல்காரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்படி யாரும் கேட்டதில்லை. லிஃப்ட் ரிப்பேர் செய்கிற அவள் புருஷன் பின்னால் கைகட்டி நின்றான்.

எந்த வீட்டுக்கும் தையல்காரி ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுவாள். போனால் தாங்க மாட்டோம் என்கிற பொருளையெல்லாம் குட்டி வருவதற்குள் எடுத்து உயரத்தில் வைத்துவிட வேண்டும். பிறகு அதை அவிழ்த்துவிட்டு, வீட்டுக்காரர்களின் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எரிச்சல் அங்கேதான் முதலில் தெரியும்.

இங்கே சொன்னபடி செய்திருந்தார்கள். ரிமோட், மூக்குக்கண்ணாடி, மணிபர்ஸ் எல்லாம் ஃபிரிட்ஜ் மேல் ஏறியிருந்தன. பால்கனியில் ஒரு சின்ன சைக்கிள் நின்றது.

"பையன் ஸ்கூலுக்குப் போயிருக்கானா?"

அவள் தரையைப் பார்த்தாள். புருஷன்தான் பதில் சொன்னான். "இல்லக்கா. போன மழைக்காலத்துல காய்ச்சல் வந்துச்சு. தவறிட்டான். ஏழு வயசு."

தையல்காரி நாக்கைக் கடித்துக்கொண்டாள். குட்டியை அவிழ்த்துவிட்டாள்.

அது கூடத்தைச் சுற்றோ சுற்றென்று சுற்றி, நாற்காலியில் மோதி, உள்ளறைக்குள் பாய்ந்தது. உள்ளே ஏதோ உருண்டது. தடதடவென்று ஓடுகிற சத்தம் கேட்டது. புருஷனும் பெண்டாட்டியும் ஒரே நேரத்தில் தலை நிமிர்ந்தார்கள். அவர்கள் முகத்தில் எரிச்சல் துளியும் இல்லை. உள்ளே இருப்பது நாய்க்குட்டி என்பதே மறந்துபோன மாதிரி அந்தக் கதவையே பார்த்தார்கள். குட்டிதான் வெளியே வந்தது. அவன் பார்வையைத் தாழ்த்திக்கொண்டான். அவள் பார்வை இன்னும் கொஞ்ச நேரம் கதவிலேயே இருந்தது.

"டேய், ஓடாதடா. விழுந்துடுவ" என்றாள் அவள்.

"இது பொண்ணும்மா."

"தெரியும்க்கா" என்றவள், "டேய், இங்க வாடா" என்று மறுபடியும் கூப்பிட்டாள்.

யார் கூப்பிட்டாலும் வராத குட்டி, அவளிடம் போனது.

வேண்டாம் என்றது தையல்காரியின் மனசு. இன்னும் கொஞ்ச நாளில் இது வளர்ந்து பெரிய நாயாகிவிடும். அப்போது இவள் யாரைத் தேடுவாள்? போனவன் இடத்தில் உட்காரவைக்கவா ஒரு உயிரைக் கொடுப்பது? அதற்காக, இப்படிக் கேட்கிறவளிடம் எந்த வாயால் இல்லை என்பது? ஒரு வாரம் யோசித்துச் சொல்லுங்கள் என்று நழுவிவிடலாமென்று வாயைத் திறந்தாள்.

அதற்குள் குட்டி செருப்பு அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து எதையோ கவ்விக்கொண்டு வந்துவிட்டது. ஒரு சின்ன ஷூ. அடியில் சேறு காய்ந்து அப்படியே ஒட்டியிருந்தது.



"எல்லாத்தையும் எடுத்து வெச்சோம்க்கா" என்றான் புருஷன். "இத எடுக்கணும்னு தோணவே இல்ல. இது எப்பவும் அங்கதான இருக்கும்."

தையல்காரி பதறிப்போய்ப் பிடிக்கப் பார்த்தாள். விளையாட்டென்று நினைத்த குட்டி நழுவிப்போய் ஷூவை உதறு உதறென்று உதறியது. சேறு தரையெங்கும் தெறித்தது. போச்சு, நாலாவது வீடும் போச்சு என்றே அவளுக்குத் தோன்றியது. இந்த வீடு வேண்டாமென்று ஒரு நிமிஷம் முன்னால் நினைத்தவளும் அவள்தான்.

அந்தப் பெண் எழுந்து அலமாரியிடம் போனாள். ஜோடியில் மிச்சமிருந்த ஷூவை எடுத்தாள். கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு அதை உள்ளறைக்குள் வீசினாள்.

"இந்தா, புடிடா."

குட்டி கவ்வியிருந்ததைப் போட்டுவிட்டுப் பறந்தது. அவளும் பின்னாலேயே ஓடினாள். உள்ளே இரண்டு பேர் ஓடுகிற சத்தமும் அவள் சிரிக்கிற சத்தமும் கேட்டன. சிரிப்பு நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. நின்றால் தேவலை என்றிருந்தது தையல்காரிக்கு. கையிலிருந்த நாய்ச் சங்கிலியை என்ன செய்வதென்று தெரியாமல் சுற்றிச் சுற்றிப் பிரித்தாள்.

புருஷன் மண்டியிட்டுச் சேற்றுத் துகள்களை விரலால் கூட்டி உள்ளங்கையில் சேர்த்துக்கொண்டிருந்தான். நாற்காலிக்கு அடியிலும் தேடி எடுத்தான்.

"தம்பி..." என்று ஆரம்பித்தாள் தையல்காரி.

அவன் நிமிரவில்லை. "அவளுக்குத் தண்ணி எங்கக்கா வைக்கணும்?"

அந்த வீட்டில் குட்டியை ஒருவர் அவள் என்று சொன்னது அப்போதுதான். தையல்காரி சங்கிலியைச் சுருட்டிப் பைக்குள் போட்டாள். "கால்ல இடறாத மூலையா ஒண்ணு பாருங்க" என்றாள்.

அவன் சமையலறைக்குப் போய் ஒரு கையாலேயே குழாயைத் திறந்து கிண்ணத்தை நிரப்பினான். ஒரு கையாலேயே கொண்டுவந்து மூலையில் வைத்தான். குட்டி மூச்சிரைக்க ஓடிவந்து, தண்ணீரை விட்டுவிட்டு, சேற்றுத் துகளை வைத்திருந்த அவனுடைய மூடிய கையை முகர்ந்தது. அவன் கையைத் திறக்கவில்லை. இழுத்துக்கொள்ளவும் இல்லை.