கால் சுத்து போதும்

பஸ் பணிமனையில் வேலை பார்த்த காலத்தில் அவரை எல்லாரும் கால்சுத்து என்றுதான் கூப்பிட்டார்கள். நட்டைக் கையால் திருகி, இனிக் கைக்கு அசையாது என்று ஆனதும் ஸ்பேனரை வைத்துக் கால் சுற்று. அதற்கு மேல் ஒரு மயிரிழை கூடாது. சக்கரத்து நட்டுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. மற்றபடி பெஞ்சுக்கும் ஒரே சட்டம், பெரிய அதிகாரி நாற்காலிக்கும் அதே சட்டம். கூடுதலாக இறுக்கினவன் அன்றைக்கு அவர் வாயில் விழுந்து எழுந்திருக்க வேண்டியதுதான். "இறுக்கத் தெரிஞ்சா மட்டும் பத்தாதுடா, நாளைக்கு ஒருத்தன் கழட்டணும்ல" என்பார். இதை அவர் சொல்லிக் கேட்காத ஆள் அந்தப் பணிமனையில் இல்லை.

அவர் மனைவி இதை வீட்டிலும் கேட்டுக் கேட்டுச் சலித்தவள். எண்ணெய் ஜாடி மூடியைக்கூட அவர் கால் சுற்றுக்கு மேல் மூடவிட மாட்டார். "குடும்பம் நடத்துறீங்களா, பணிமனை நடத்துறீங்களா?" என்று அவள் கேட்டிருக்கிறாள். இரண்டும் ஒன்றுதான் என்பதுபோல் அவர் சிரித்துக்கொண்டு போய்விடுவார்.

அப்பேர்ப்பட்ட மனிதர் கைபட்டு, இப்போது வீட்டில் கழற்றக்கூடிய நட்டு ஒன்றுகூட மிச்சமில்லை. ஞாபகம் போனதுதான் காரணம். முதலில் பேர்கள் போயின, அப்புறம் முகங்கள், அப்புறம் மனைவி. ஆனால் கை மட்டும் எதையும் மறக்கவில்லை. குழாயைப் பார்த்தால் கால் சுற்று. கை கழுவப் போவார், திரும்பி வருவார், ஏற்கெனவே வைத்தது நினைவிருக்காது. மறுபடி கால் சுற்று. அடிமேல் அடி வைத்தால் அம்மியே நகரும்போது பாவம் நட்டு என்ன செய்யும்? முனை மழுங்கி உருண்டுபோயிற்று. யோசித்துப் பார்த்தால் அவர் தன் சட்டத்தை ஒரு தடவைகூட மீறவில்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

பக்கத்து வீட்டுக்காரி ஒரு நாள் யாரிடமோ, "அவருக்கு மரை கழண்டு போச்சு" என்று சொன்னது இவள் காதில் விழுந்தது. கழன்றால் பரவாயில்லையே, இறுகிக்கொண்டல்லவா போகிறது என்று நினைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து அந்த வீட்டோடு பேச்சு இல்லை.

கருவிப் பையை எடுத்துப் பழைய துணி மூட்டைக்குள் ஒளித்து வைத்தாள். அவர் எங்கிருந்தோ ஒரு குறட்டைத் தேடிப் பிடித்தார். கேஸ் அடுப்பின் ரப்பர் குழாயில் இருக்கும் கிளிப்பை, போகும்போது ஒன்று வரும்போது ஒன்றாக இறுக்கி, குழாயையே அறுத்துவிட்டார். அன்று மகள் தற்செயலாக வந்து வாசலிலேயே வாடையை உணர்ந்து ஜன்னல்களைத் திறந்தாள். அடுக்களையில் இவள், சளியில் மூக்கடைத்து வாடை தெரியாமல், தீப்பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தாள். வேறு எதுவும் நடக்கவில்லை. நடந்திருக்கலாம் என்பதே போதுமாக இருந்தது.

மகள் பொல்லாதவள் இல்லை. ஓடி ஓடிப் பார்த்தவள்தான். "ரெண்டு பேரும் ஒரே நாள்ல போயிடுவீங்களோன்னு ராத்திரி தூக்கம் வரலைம்மா" என்று அழுதாள். முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஒரு இல்லத்தில் அவளே அப்பாவுக்கு இடம் கேட்டு வைத்தாள். புது இடத்தில் பழைய படுக்கை இருந்தால் மிரள மாட்டார்கள், கட்டிலைக் கொண்டு வாருங்கள் என்று அவர்கள் சொன்னார்களாம். அவரும் வேறு கட்டிலில் படுக்க மாட்டார். அது அவரே செய்த இரும்புக் கட்டில்.

அந்தக் கட்டில் கதவு வழியே வெளியே போகாது. கழற்றித்தான் கொண்டுபோக வேண்டும். மூலைக்கு இரண்டாக எட்டு நட்டு, எட்டும் மழுங்கியவை. ஆள் வைத்து அறுத்துவிடலாம் என்றாள் மகள். தாய் வேண்டவே வேண்டாம் என்றாள். போல்ட்டுகளை அவர் கட்டில் சட்டத்தோடு வெல்டிங் வைத்திருந்தார்; அறுத்தால் பிறகு பூட்டவே முடியாது. அப்படி அறுத்து எடுத்துப் போனால் அந்த மனிதரும் திரும்பி வரமாட்டார் என்று அவள் மனதில் விழுந்துவிட்டது. முட்டாள்தனம்தான். அவளுக்கும் அது தெரியும். தெரிந்து என்ன செய்ய?

"வெட்ட விடமாட்டேன். நானே கழட்டுறேன்" என்று சொல்லிவிட்டுக் கருவிக் கடைக்குப் போனாள்.

கடைக்காரர் பேச்சுக்காரர். என்ன அளவு என்று கேட்டதும் அவள் பதினேழு என்றாள். நாற்பது வருஷம் ஒரு ஃபிட்டரோடு குடும்பம் நடத்தினவளுக்கு இதுகூடத் தெரியாதா? முனை கொஞ்சமாவது மிச்சமிருக்கிறதா, முழுசாகப் போய்விட்டதா என்று அவர் அடுத்துக் கேட்டார். சில நட்டு பாதி, சில முழுசு. அப்படியானால் ஒரே கருவி எல்லாவற்றுக்கும் ஆகாது என்று ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். பாதி மழுங்கியதற்கு, நட்டின் மேல் தொப்பிபோல் கவிழும் ஆறு முனை பாக்ஸ். பன்னிரண்டு முனை உள்ளது மிச்சத்தையும் தின்றுவிடும். முழுசாகப் போனதற்கு, உள்ளே சாய்ந்த பல் வைத்த பாக்ஸ். சுத்தியலால் தட்டி ஏற்றினால் கழற்றும் பக்கமாகக் கடித்துக்கொள்ளும். பூட்டிக்கொள்ளும் குறடு நல்லதுதான், ஆனால் பிடிக்க நட்டு வெளியே நீட்டிக்கொண்டு இருக்க வேண்டும். கடைசியாக நட்டைப் பிளக்கும் கருவி ஒன்றைக் காட்டினார்.

"இது ஒரு நிமிஷ வேலைம்மா. ஆனா கொஞ்சம் தவறினா போல்ட் மரையும் சேர்ந்து போயிடும்."

"அது வேண்டாம். திரும்பப் பூட்டணும்."

"கட்டில்தானே? இரும்புக் கடையில போட்டுட்டுப் புதுசே வாங்கிடலாமே."

அவள் பார்த்த பார்வையில் மனிதர் வாயை மூடிக்கொண்டு, துரு இளக்கும் எண்ணெய் ஒரு குப்பியும் புது நட்டு எட்டும் எடுத்து வைத்தார். இரண்டு பாக்ஸ்களையும் பையில் போட்டுக்கொண்டு அவள் வீடு திரும்பினாள்.

அவர் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மெத்தையைத் தூக்கிப் போட்டுவிட்டு அவள் தரையில் உட்கார்ந்து முதல் நட்டில் பாக்ஸை வைத்துத் திருப்பினாள். வழுக்கியது. மறுபடி வைத்தாள். விரல் கட்டிலில் இடித்துத் தோல் உரிந்தது. ஆத்திரத்தில் கட்டிலையே ஒரு அடி அடித்தாள்.

"அம்மா, அது ஒத்துவராது" என்றார் அவர் பின்னாலிருந்து. கல்யாணமான நாளிலிருந்து அவளை நீ, வா, போ என்று அழைத்தவர் இப்போது கொஞ்ச காலமாக மரியாதை கொடுக்கிறார். அந்த மரியாதையைப் போல் அவளை அறுத்தது வேறொன்றும் இல்லை. எழுந்து வந்து குனிந்து பார்த்தார். முகம் சுளித்தது.

"எந்தப் பாவி இதை இப்படி மழுக்கினது?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள்.

"எங்க வீட்டுக்காரர்தான்."

"வேலை தெரியாதவரோ?"

"நல்லா தெரிஞ்சவருங்க. இப்பக் கொஞ்ச நாளாத்தான் இப்படி."

"தப்பா எடுத்துக்காதீங்க. நல்லா தெரிஞ்சவன் இப்படிப் பண்ணமாட்டான்" என்று சொல்லிவிட்டு, பாக்ஸை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

அவர் கையில் இனி எந்தக் கருவியையும் கொடுப்பதில்லை என்று அவள் மகளிடம் சத்தியம் செய்திருந்தாள். கொடுத்தாள். துணி மூட்டையைப் பிரித்துப் பையையே எடுத்துக் கொண்டுவந்து வைத்தாள். அவர் அதைத் திறந்து, என்றைக்கோ வைத்த பொருளை எடுப்பதுபோல் பார்க்காமலே கைவிட்டுக் கம்பித் தூரிகையை எடுத்தார். துருவைத் தேய்த்து, எண்ணெய் விட்டார். விட்டுவிட்டுக் கைகட்டி உட்கார்ந்தார். அவள் திருப்பலாமா என்று கேட்டதற்கு, எண்ணெய் உள்ளே இறங்காமல் நட்டைத் தொடுகிறவன் அவசரக்குடுக்கை என்றார். அந்த வார்த்தையை அவள் வாங்கிக் கட்டிக்கொண்டது எத்தனை தடவை! கண்ணில் நீர் முட்டியது. எண்ணெய் வாடை என்று சொல்லித் துடைத்துக்கொண்டாள்.

அப்புறம் சுத்தியலால் நட்டைச் சுற்றி மெல்லத் தட்டினார். ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் தடவிப் பார்த்து, இதற்கு இது, அதற்கு அது என்று பாக்ஸை மாற்றினார். திருப்பும்போது நேராகக் கழற்றவில்லை. முதலில் துளி இறுக்கினார், துரு நெரிந்து சத்தம் கேட்டதும் திரும்பிக் கழற்றினார். ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கடைசி நட்டு எதற்கும் மசியவில்லை. பல் வைத்த பாக்ஸும் அதன்மேல் சும்மா சுற்றியது. பிளக்கும் கருவியை வாங்காமல் வந்தோமே என்று அவள் கவலைப்பட்டாள். அவர் அரத்தை எடுத்து, உருண்டை நட்டின் இரண்டு பக்கத்தையும் தேய்த்துத் தட்டையாக்கினார். சாதம் பிசையும்போது நடுங்கும் கை அரம் பிடித்தபோது நடுங்கவில்லை. தட்டையான இடத்தில் ஸ்பேனர் கச்சிதமாக உட்கார்ந்தது. நட்டு ஒரு முறை முனகிவிட்டுக் கழன்றது.

கழன்ற நட்டை அவள் கையில் எடுத்துப் பார்த்தாள். இவ்வளவு நேரமும் இது கழலாமல் போகட்டும் என்றுதான் அவள் வேண்டிக்கொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

"கட்டில் எங்க போகுது?" என்று கேட்டார் அவர், கையைத் துடைத்துக்கொண்டே.

"ஒரு இடத்துக்கு. அங்க நல்லா பார்த்துக்குவாங்களாம்."

"கட்டிலையா?"

"ஆமாங்க."

"திரும்ப வருமா?"

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். வேலை முடிந்த திருப்தி தவிர அதில் ஒன்றும் இல்லை. "வரும்" என்றாள்.

"அப்போ மரைக்கு கிரீஸ் போடணும். கொண்டு வர்ற அன்னைக்குக் கஷ்டப்படக் கூடாது பாருங்க" என்று சொல்லிப் பையிலிருந்து டப்பாவை எடுத்து, எட்டு போல்ட்டுக்கும் விரலால் கிரீஸ் தடவினார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து வெளிப்படையாகவே அழுதாள். அவர் பார்த்தார். வீட்டுக்காரர் கோபிப்பாரோ என்று பயப்படுகிறாள் என நினைத்தாரோ என்னவோ, "நான் அவர்கிட்ட சொல்றேம்மா, விடுங்க" என்றார்.

மறுநாள் வண்டி வந்தது. இல்லத்து அறை சுத்தமாக, வெளிச்சமாக இருந்தது. குறை சொல்ல ஒன்றும் இல்லை. கட்டிலை அவளே பூட்டினாள். புது நட்டு எட்டையும் கையால் திருகினாள். ஸ்பேனர் அவள் கைப்பையில்தான் இருந்தது. மகள் அதை எடுத்து நீட்டவும் செய்தாள். அந்தக் கால் சுற்றை வைக்க இவளுக்குக் கை வரவில்லை. கையால் இறுக்கினதே போதும் என்று சொல்லிவிட்டாள். கிளம்பும்போது அவர் கை கூப்பி விடை கொடுத்தார், வாடிக்கைக்காரருக்குக் கொடுப்பதுபோல்.

அடுத்த வாரம் போனாள். பணிப்பெண் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். இரண்டு ராத்திரியாக அவர் கட்டிலில் படுக்கவே இல்லையாம், நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறாராம், கூப்பிட்டால் எழுந்து வர மறுக்கிறாராம்.

அறையில் மெத்தை சுருட்டிச் சுவரோரம் வைக்கப்பட்டிருந்தது. போர்வை மடித்திருந்தது. அவர் செருப்புப் போட்டுக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தார். சட்டைப் பை கனத்துத் தொங்கியது. அதைச் சுற்றிக் கிரீஸ் கறை.

"வாங்கம்மா" என்றார். "வண்டி வந்தாச்சா? எல்லாம் கழட்டி வச்சுட்டேன். கைக்கே வந்துடுச்சு, ஸ்பேனரே தேவைப்படலை." சட்டைப் பையிலிருந்து நட்டுகளை அள்ளிக் காட்டினார். எட்டும் இருந்தன.

"யாருங்க கழட்டச் சொன்னது?"

"நீங்கதானே சொன்னீங்க, திரும்ப வரும்னு."

மனைவி பேர் தங்கவில்லை, பெற்ற மகள் முகம் தங்கவில்லை. இவள் வாய்க்கு வந்தபடி சொன்ன ஒரு பொய் மட்டும் அந்தத் தலையில் தங்கியிருந்தது. அவள் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். இந்தக் கையைப் பிடித்து இப்போதே கூட்டிக்கொண்டு போய்விடலாமா என்று நினைத்தாள். ரப்பர் குழாயும் ஜன்னல்களைத் திறந்த மகள் முகமும் கண் முன்னே வந்தன.

தன் கைப்பைக்குள் கை விட்டு, போன வாரத்திலிருந்து அதிலேயே கிடந்த ஸ்பேனரை எடுத்தாள்.

"வண்டி இன்னும் வரலைங்க. அதுவரைக்கும் பூட்டி வச்சுடலாம்."

"அதுவும் சரிதான்" என்றார். ஒவ்வொரு நட்டாக அவரே எடுத்துக் கொடுத்தார். அவள் கையால் திருகி, இனி அசையாது என்று ஆனதும், ஸ்பேனரை வைத்து இறுக்கினாள். இந்தத் தடவை ஒன்றையும் விடவில்லை. கண் மறைத்ததில் கடைசி நட்டில் எங்கே நிறுத்துவது என்று அவளுக்குத் தெரியாமல் போயிற்று. அவர் குனிந்து, அவள் கையின் மேல் கை வைத்து நிறுத்தினார்.

"போதும்மா, கால் சுத்து போதும். நாளைக்குக் கழட்டணும்ல."